தண்ணீர் இல்லாத சிவப்புக் கார்

உள்ளங்கையில் வைத்தவுடன் ஜில்லென்று இருக்கும், பிறகு மெல்ல மெல்ல நம் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகிவிடும், கீழே வைத்த பிறகும் அரைமணி நேரம் ஒரு பெயிண்ட் வாசனை கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாசனை போய்விடுமே என்று கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்து நான் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை மயிலாப்பூருக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த பொம்மைக் கார் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை நான் பார்த்த கார் பொம்மையெல்லாம் தகரத்தை மடித்துச் செய்தவை, ஓரம் விரலைக் கிழிக்கும், ஒரு மிதி மிதித்தால் சப்பையாகிவிடும். இது கெட்டி உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தது. கையகலம்தான், ஆனால் அடேயப்பா, என்ன கனம்!

இரத்தச் சிவப்பு. கூரைமேல் கடுகு மாதிரி ஒரு நீல விளக்கு, முன்பக்கம் வெள்ளி நிறத்தில் குட்டி மணி, இரண்டு கதவிலும் தங்க நிறக் கேடயச் சின்னம். கதவு திறக்கும், உள்ளே நிஜமாகவே ஸ்டியரிங் இருக்கும். தீயணைப்பு அதிகாரி போகிற கார் என்று மாமா சொன்னார். எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு தள்ளு தள்ளினால் கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் சத்தமே இல்லாமல் போகும். அண்ணாவுக்குத் தனக்கு வரவில்லையே என்று வயிற்றெரிச்சல். "ஏணி கிடையாது, குழாய் கிடையாது, ஒரு சொட்டு தண்ணி கிடையாது. இது ஃபயர் இன்ஜினாக்கும்! தீ எரியறச்சே வேடிக்கை பார்த்துண்டு நிக்கற கார்டி இது" என்பான். அதற்கு "டம்மி கார்" என்று பெயரும் வைத்தான். எனக்கு அழுகை அழுகையாக வரும். தண்ணீர் இல்லாத தீயணைப்பு வண்டி எதற்கு என்று நானும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

நிஜ வண்டியை நாங்கள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். அந்த நாளில் சைரன் அல்ல, மணிதான். வண்டியின் முன்னால் தொங்கும் பித்தளை மணியைக் காக்கி உடுப்புக்காரர் ஒருவர் விடாமல் அடித்துக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கச்சேரி ரோட்டில் திரும்பும்போதே தெருவில் பேச்சு நின்றுவிடும், மாட்டுவண்டி ஒதுங்கிவிடும். அம்மா மட்டும் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு, "நம்மாத்து அடுப்பை அணைச்சேனோ, பாருடி" என்பாள். எங்கோ எரிகிற தீக்கு எங்கள் வீட்டு அடுப்பை அணைப்பது அவள் வழக்கம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த முனியம்மாவின் மகள் செல்வி, என் வயதுதான். கால்வாய்க்கரை ஓலைக் குடிசைகளில் ஒன்றில் இருந்தார்கள். அவள் அப்பா ஏழுமலை, விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கிறவர். கோடை விடுமுறையில் செல்வி அம்மாவோடு வந்துவிடுவாள், நானும் அவளும் கொல்லைப்புறத்தில் அஞ்சாங்கல் ஆடுவோம். ஒருநாள், நான் தோற்றால் என் கார் ஒரு நாள் முழுக்க அவளிடம் இருக்கும் என்று ஏதோ ஒரு வீறாப்பில் பந்தயம் கட்டித் தொலைத்தேன். தோற்றும் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் பாவாடைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மறுநாள் மத்தியானம், கடல்காற்று கிளம்புகிற நேரம், "கால்வாய்க்கர எரிதுடோய்" என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அன்று செல்வி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முனியம்மா சாம்பல் கையோடு அப்படியே எழுந்து ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். என்னைப் பிடிக்க அண்ணா ஓடிவந்தான். செல்விக்காக ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். காருக்காகத்தான் ஓடினேன்.

தெற்குக் கோடியில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. காற்று தீயை வடக்கே தள்ளிக்கொண்டிருந்தது. தீக்கும் செல்வி வீட்டுக்கும் நடுவே நாலு குடிசைகள். செல்வி வீட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் நாற்பது இருக்கும். மணிச்சத்தம் கேட்டது. ஜனம் விலகியது. சந்துக்குள் நுழைந்து வந்ததைப் பார்த்து நான் அண்ணாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் கார்! மாமா தந்த கார் கொஞ்சம் வழவழப்பு, இது பெட்டி கட்டிய ஜீப்; ஆனால் அதே சிவப்பு, அதே மணி, கதவில் அதே மாதிரி சின்னம். அதிகாரியும் மூன்று ஆட்களும் கயிறும் நீளக் கொக்கிகளுமாக இறங்கினார்கள். தண்ணீர் இல்லை.

"தண்ணி எங்கய்யா? வெறும் வண்டிய எட்த்துக்கினு வந்துகீறானுங்க" என்று கூட்டம் கொதித்தது. அண்ணா என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "பெரிய வண்டி இந்தச் சந்துல நுழையாது, ரோட்டுல நிக்குது. குழாய் இங்க வந்து சேர நேரம் ஆகும். அதுக்குள்ள இந்த ரெண்டு குடிசையையும் பிரிச்சு ஓலையைக் கால்வாயில தள்ளிட்டா, தீ தாண்டாது" என்றார். அவர் கை காட்டிய இரண்டில் ஒன்று செல்வியின் வீடு.

வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். சாப்பிட வந்தவர். "எரியாத ஊட்ட இன்னாத்துக்கு சார் பிரிக்கணும்?" என்றார். அதிகாரி வடக்கே இருந்த நாற்பது குடிசைகளைப் பார்த்தார். ஏழுமலையும் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்காளு கொக்கிய போட்டா லேட்டாவும் சார். நான் கட்ன ஊடு, முடிச்சு எங்க கீதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, சுவரில் கால் வைத்து ஏறி, அரிவாளால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தான் வேய்ந்த கூரையைத் தானே அவிழ்க்கிற மனிதனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் செல்வி என்னைப் பார்த்து ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்து நான் கேட்ட முதல் வார்த்தை, "என் கார் எங்கடி?"

செல்வி கையை உதறிக்கொண்டாள். திரும்பிக் கத்தினாள். "நைனா, பாப்பாவோட காரு பரண்ல கீது."

கடைசி முடிச்சு அறுபட்டுக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரும் உள்ளே போகக்கூடாது என்று அதிகாரி கைகளை விரித்து நின்றார். கூரையிலிருந்து இறங்கியிருந்த ஏழுமலை, அந்தக் கையின் கீழே குனிந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் தலைமுடியில் எல்லாம் ஓலைத் தூசு, கையில் ஒரு துணிச் சுருணை. அவர் வெளியே வரக் காத்திருந்த மாதிரி கூரை உட்கார்ந்தது. அரிசிப் பானை, முனியம்மாவின் சேலைகள், மூங்கில் குழாய்க்குள் பத்திரமாக வைத்திருந்த ரேஷன் கார்டு, எல்லாவற்றோடும் சேர்த்துக் கொக்கிகள் அதைக் கால்வாய்க்குள் இழுத்துத் தள்ளின.

"இதுக்காகவா உள்ள போனே?" என்று அதிகாரி கேட்டார்.

"அட்த்தவங்க பொருளு சார்" என்றார் ஏழுமலை. பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து துணியைப் பிரித்தார். "இந்தா பாப்பா. எங்கனா நசுங்கிகீதா பாரு."

தீ அந்த இடைவெளி வரை வந்தது, தாவப் பார்த்தது, முடியாமல் அங்கேயே நின்றது. குழாயில் தண்ணீர் வந்து சேர்ந்தபோது நாற்பது குடிசைகளும் அப்படியே இருந்தன. தண்ணீர் இல்லாத வண்டி எதற்கு என்று அண்ணா அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

காரைச் செல்விக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. புது ஓலை வேய்ந்த பிறகும், ரேஷன் கார்டுக்காக முனியம்மா மாதக்கணக்கில் அலைந்தபோதும், ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். கல்யாணமாகி மயிலாப்பூரை விட்டுப் போனேன். பிறகு ஒருமுறை வந்து பார்த்தபோது கரையில் குடிசைகளே இல்லை. எல்லோரையும் ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

இப்போது அந்தக் கால்வாயின்மேல் ரயில் ஓடுகிறது. வேளச்சேரியில் என் வீட்டுக்குப் போக நானே அந்த ரயிலில்தான் ஏறுகிறேன். அந்த இடம் வரும்போது கீழே பார்ப்பேன், தூண்களும் கறுப்புத் தண்ணீரும்தான் தெரியும். பித்தளை மணியும் போய்விட்டது, தீயணைப்பு வண்டிகள் இப்போது ஊளையிட்டுக்கொண்டு போகின்றன. கார் மட்டும் என் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நீல விளக்கு உதிர்ந்துவிட்டது, ஒரு கதவு மூடுவதில்லை. பேரன் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். அவன் விளையாடித் திருப்பித் தந்ததும், விளக்கடியில் வைத்து ஒரு முறை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். இன்றுவரை எங்கேயும் நசுங்கவில்லை.