பாலம் வரை கூடப் போவது

அந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. செட். அதற்கு மட்டும் எங்கள் அறையில் பதினான்கு பெட்டிகள் இருந்தன. யானைக்கே அரைப் பெட்டியில் வேலையை முடித்தவன் நான். மூன்றெழுத்துக்குப் பதினான்கு பெட்டி என்றால் எவனுக்குத்தான் எரிச்சல் வராது?

லீட்ஸ் நகரில் ஓர் அச்சுக்கூடத்தின் மாடியில் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆறு பேர், ஒரு நீள மேசை, சூட்டைவிடப் புகையை அதிகம் தருகிற ஒரு கணப்பு. நாடெங்கும் பாதிரிகளும் பள்ளி ஆசிரியைகளும் பொழுது போகாத பெரிய மனிதர்களும் புத்தகம் படித்து, ஒரு வார்த்தை வருகிற வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளை அர்த்தவாரியாகப் பிரித்துக் கட்டுவது எங்கள் பிழைப்பு. ஒரு சீட்டு தப்பான கட்டுக்குள் போய்விட்டால் அது செத்த மாதிரிதான், மறுபடி யாரும் அதைத் தேட மாட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. அச்சில் வந்ததற்குத்தான் மதிப்பு. எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள், பால்காரர் அப்படிச் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

ஹெஸ்டர் வெரில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஸ்கார்விக் என்ற கடலோரக் கிராமத்துக்காரி. தூண்டில் கயிறுகளில் இரை கோத்துக் கொடுத்துப் பிழைத்த குடும்பம். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் போய்விட்டது. இவள் அனுப்புவதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் புகை போட்ட மீனைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். சீட்டுகளெல்லாம் மீன் வாடை அடிக்கும். உங்கள் சாப்பாட்டின் மணத்திலேயே என் பசியும் அடங்கிவிடுகிறது என்று ஒருநாள் குத்தலாகச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ரெண்டா கொண்டு வரேன், மிஸ்டர் கிளெக்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். கொண்டும் வந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மகாராணியின் வைர விழா ஆண்டின் இலையுதிர் காலத்தில், எங்கள் ஆசிரியர் டாக்டர் பெல்லாமி அந்தப் பதினான்கு பெட்டிகளையும் அவளிடம் ஒப்படைத்தார். பதினோரு வருடம் அங்கே முதுகு ஒடிந்தவன் நான். அந்தச் சீட்டுகளில் முதல் பாதி வந்தபோது, மூன்று வருடத்துக்கு முன்பு, மேலோட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நீல மையில் டிக் போட்டவனும் நான்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் வேலையில் புலி. அதையும் சொல்லத்தான் வேண்டும். சூரியன் அஸ்தமிப்பது ஒரு கட்டு. பழக்கூழ் உறைவது ஒன்று, முறிந்த எலும்பைப் பொருத்துவது ஒன்று. கோழியை அடை வைப்பதும், ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வளைப்பதும், இரையைக் கண்ட வேட்டை நாய் மூச்சடக்கி நிற்பதும் தனித்தனிக் கட்டுகள். மேசையில் தட்டு கரண்டி பரப்புவது ஓர் இடத்தில், அதே தட்டு கரண்டி ஒரு தொகுப்பாகக் கடையில் விற்பது வேறோர் இடத்தில். கிறிஸ்துமஸுக்குள் நூற்று இருபத்தேழு கட்டுகள் ஆகிவிட்டன. எல்லாம் 'உட்கார வைப்பது' என்ற ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார். தட்டு கரண்டித் தொகுப்புக்கு அது பொருந்தாது, அது லத்தீனில் ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த சொல், பிரான்ஸ் வழியாக வந்து, ஒரே வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடியேறிய இன்னொரு குடும்பம் என்று இவள் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டினாள். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் வரியைத் தானே அடித்தார். என் பதினோரு வருடத்தில் எனக்காக அவர் ஒரு காற்புள்ளியைக்கூட அடித்ததில்லை.

ஆனால் ஓர் அர்த்தத்துக்கு அவளிடம் ஒரு சீட்டுகூட இல்லை. அவள் ஊர் அர்த்தம். வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது கூடவே கொஞ்ச தூரம் நடந்து, பாதி வழியில் விட்டுவிட்டு வருவது. ஸ்கார்விக்கில் ஓடைமேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது. அதுவரை போக வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும் சரி. ஒரு தேநீர் வேளையில் அவள் அதை எனக்குச் சொன்னாள்.

"எங்கப்பாவ ஒரு சண்டையில பிடிச்சுட்டுப் போக போலீஸ்காரர் வந்தாரு. அம்மா சால்வையப் போட்டுக்கிட்டு மழையில ரெண்டு பேர் கூடவும் பாலம் வரைக்கும் நடந்தாங்க. அப்பாவுக்காக மட்டும் இல்ல. அந்தப் போலீஸ்காரரும் நம்ம வீட்டுப்படி ஏறினவருதானே."

"சரி, அதுக்காக இவ்வளவு தேடணுமா?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்ன கதை இது. ஒன்பது வயதில் பள்ளிக் கட்டுரையில் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறாள். ஆசிரியர் இது மீன்காரி பாஷை, ஆங்கிலம் இல்லை என்று சொல்லி, தடித்த அகராதியை அவள் கையில் கொடுத்துப் பெஞ்சின்மேல் நிறுத்தி, எங்கே இருக்கிறது காட்டு என்று தேடவிட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மணி அடிக்கும் வரை தேடினாளாம்.

"அந்த ஆளு இன்னும் இருக்காரா?"

"இருக்காரு. நம்ம புத்தகம் வந்தா வாங்குவாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் பெட்டிகளிடம் திரும்பினாள்.

டாக்டர் பெல்லாமி அவளுக்கு மார்ச் முதல் தேதி வரை கெடு கொடுத்தார். அதற்குள் அச்சில் வந்த ஒரு வரி, ஒரே ஒரு வரி கிடைத்தால் அந்த அர்த்தம் உள்ளே வரும். இல்லாவிட்டால் பக்கம் அது இல்லாமலே அச்சுக்குப் போகும். நாற்பது பேருக்குக் கடிதம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துப் பழைய புத்தகங்களைப் புரட்டினாள். பிரித்த கட்டுகளை மறுபடி பிரித்தாள். என் நீல டிக் இருந்தவற்றை மட்டும் தொடவில்லை. மிஸ்டர் கிளெக் பார்த்தது சரியாக இருக்கும் என்று என்னிடமே சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு சீட்டு வந்துவிட்டது. கடலோர வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டியது. பழைய மீனவன் என்ற பெயரில் ஆசிரியருக்கு ஒரு கடிதம், பழங்கால வழக்கங்கள் பற்றி. அதில் அந்த வார்த்தை, அதே அர்த்தத்தில், கச்சிதமாக. அறையில் எல்லோரும் அவள் கையைக் குலுக்கினார்கள். நான் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். அதில் ஒரு வாக்கியம் அவள் தேநீர் வேளையில் என்னிடம் சொன்ன வாக்கியம். வீட்டுப்படி ஏறினவர்.

சும்மா இருந்திருக்கலாம். யார் குடி முழுகிப்போயிருக்கும்? நான் இருக்கவில்லை. பத்திரிகைக்காரருக்கு எழுதிக் கேட்டேன். கடிதம் அழகான சாய்ந்த கையெழுத்தில், ஊதா மையில் வந்தது, மீனவருக்கு நல்ல படிப்பு போலிருக்கிறது என்று பதில் போட்டார். எங்கள் மேசையில் அவள் மட்டுமே பயன்படுத்தியது ஊதா மை. அந்தப் பதிலை நான் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அகராதியின் நன்மைக்காக என்று சொன்னேன். அப்போது அதை நம்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டு, பத்திரிகைச் சீட்டையும் ஊதா மை பற்றிய பதிலையும் முன்னால் வைத்தார். கதவு திறந்தே இருந்தது.

"இந்த மீனவன் கடிதத்த எழுதினது யாரு, மிஸ் வெரில்?"

"நான்தான், டாக்டர்."

"எதுக்கும்மா?"

"அச்சுல வந்தாத்தான் வார்த்தைன்னு சொன்னீங்க. அச்சுல வர வச்சேன். மீனவன் பேரு பொய். அர்த்தம் பொய்யில்ல. ஸ்கார்விக்ல எந்தக் கதவ வேணா தட்டிக் கேளுங்க."

"கதவத் தட்டி அகராதி எழுத முடியாது" என்றார் அவர். ஒரு கள்ளச் சீட்டு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் மீதி மூன்று லட்சம் சீட்டையும் ஊர் சந்தேகப்படும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

மதியத்துக்குள் அவள் கிளம்பிவிட்டாள். பேனா முள்ளைக் கழுவித் துடைத்து வைத்தாள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விடைபெற்றாள். "வரேன், மிஸ்டர் கிளெக்" என்று என்னிடமும் சொன்னாள். நான் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

பதினான்கு பெட்டிகளும் என் தலையில் விழுந்தன. ஆசைப்பட்டேன் அல்லவா, கிடைத்தது. பக்கம் அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். பயணம் கிளம்புவது என்ற கட்டில், நடுவில், ஒரு சீட்டு. அறுபது வருடத்துக்கு முன் ஓர் உதவிப் பாதிரி அச்சிட்ட பயணக் குறிப்பிலிருந்து எழுதியது. கடும் மழையிலும் அந்த வீட்டு அம்மாள் என்னைப் பாலம் வரை செட் செய்துவிட்டுத்தான் திரும்பினாள், என் மறுப்பைக் காதில் வாங்கவில்லை. மூலையில் என் நீல டிக். அவசரத்தில் 'கிளம்பினாள்' என்று படித்துத் தப்பான கட்டில் போட்டிருந்தேன். மூன்று வருடம் அது அங்கேயே கிடந்தது, கடைசிச் சில மாதம் அவள் நாற்காலிக்கு ஒரு முழத் தூரத்தில்.

நாலு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழித்துப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. ஐந்தாம் நாள் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சீட்டையும் டிக்கையும் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அர்த்தத்தைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். மிஸ் வெரிலைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். கள்ளச் சீட்டு கள்ளச் சீட்டுதான் என்று சொல்லிவிட்டார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஏப்ரலில் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு ஸ்கார்விக் போனேன். ரயிலடியிலிருந்து இரண்டு மைல். பாலத்தைத் தாண்டி இறங்கினால் ஊர். அவள் வாசலில் சிப்பிகளை உடைத்து இரை எடுத்துக்கொண்டிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளே வாங்க என்றாள். கணப்பருகே கண் தெரியாத அம்மா. ரொட்டியும் புகை போட்ட மீனும் தேநீரும் வந்தன. நான் தாளை நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பத்தி பத்தியாக விரலை ஓட்டினாள். நூற்று இருபத்தெட்டாவது அர்த்தத்தில் விரல் நின்றது. அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"இதுக்கா புத்தகம் போடறாங்க? இது ஊருக்கே தெரியுமே" என்றாள் கிழவி.

ஹெஸ்டர் சிரித்தாள். முகம் முழுக்கச் சிரித்தாள், அந்த அறையில் நான் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு. பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்தப் பாதிரி சீட்டு எங்க இருந்துச்சு?"

"கிளம்பற கட்டுல. நான்தான் தப்பா வச்சுட்டேன்."

"ஊதா மை விஷயத்தச் சொன்னது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லத்தானே வந்தேன்.

"அதுவும் நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள், நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"கிளம்பறாரா? மழை வர மாதிரி இருக்கு. சால்வைய எடுத்துக்கடி, ஹெஸ்டர்" என்றாள் அம்மா.

ஹெஸ்டர் அச்சுத்தாளை மடித்து, இன்னொரு முறை மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"அவருக்கு வழி தெரியும்மா."

கிழவி கணப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். மேட்டுத் தெருவில் வாசல்தோறும் பெண்கள் உட்கார்ந்து இரை கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னை அன்பாகப் பார்த்து, "யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். வெரில் வீட்டுக்கு என்றேன். அவள் எனக்குப் பின்னால், தெரு முனை வரை பார்த்தாள். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாசலிலும் பார்க்கவில்லை. பாலம் வரும்வரை ஒருவரும் பார்க்கவில்லை.