சத்தியதாஸின் முகத்தை ஏலம் விட்டது

இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. நடந்தது கொஞ்சம் குட்டையாக இருந்ததால் அங்கங்கே பிடித்து இழுத்துவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ரப்பர் விளைகிற ஊர்க்காரன் வேறென்ன செய்வான்? ஆரியங்கோடு வெயிட்டிங் ஷெட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குச் சொன்னது. பஸ் வரவில்லை, அதனால் கதையும் நீண்டது.

தொண்ணூற்றெட்டில் பாறசாலையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று ஏசி. பிள்ளைகளுக்குப் பிடித்தால் யாருக்கும் கவலையில்லை. காலேஜில் பிரீடிகிரி முடித்த லிஜா அங்கே போய்ப் பெயின்ட் என்கிற புரோகிராமில் படம் வரையக் கற்றாள். மவுஸைப் பிடித்துக் கோடு போடுவது, நனைந்த சோப்புக் கட்டியைப் பிடித்துக் கோலம் போடுவது மாதிரி. முதல் மாதம் அவள் யானை வரைந்தால் சேம்பு வரும். அடுத்த மாதம் யானையே வந்தது, கண்ணில் சோகம்கூட வந்தது. சொல்லித் தருகிற பினு, “இந்த ஆனைக்கு வீட்டில எந்தோ பிரச்சினை உண்டு” என்றான். லிஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில்தான் பிரச்சினை. அப்பா சத்தியதாஸ் ரப்பர் வெட்டுகிறவர். அவர் ஒரு கத்து கத்தினால் கத்தி படாமலேயே மரம் பயந்து பால் விடும். மகள் கம்ப்யூட்டரில் கணக்குப் படிக்கிறாள், கல்ஃபுக்குப் போவாள் என்று நினைத்திருந்த மனிதருக்கு யானை விஷயம் தெரிந்துபோயிற்று.

“எட்டி, படம் வரையவா ஒன்ன அனுப்பினேன்? படத்துக்கு கம்ப்யூட்டர் எதுக்கு? அடுப்புல கரி இல்லியா? ஸ்தோத்திரப் பண்டிகை கழியட்டு. அதோட ஒனக்க கம்ப்யூட்டரு தீந்து.”

அப்பாவிடம் பதில் பேசும் வழக்கம் அந்த வீட்டில் பூனைக்குக்கூடக் கிடையாது. மறுநாள் லிஜா சென்டரில் உட்கார்ந்தாள், மவுஸைப் பிடித்தாள், அப்பாவின் முகத்தை வரைந்தாள். துடைப்பம் போல மீசை. இரண்டு பக்கமும் தேங்காய்க் குலை போலக் கன்னம். மீசைக்குக் கறுப்பு ஊற்றலாமென்று திரை ஓரத்தில் இருந்த பெயின்ட் டப்பாப் படத்தை அமுக்கினாள். மீசைக் கோட்டில் எங்கேயோ ஊசிமுனை அளவுக்கு இடைவெளி இருந்திருக்கிறது. கறுப்பு அந்த வழியாக வெளியே பாய்ந்து முகம் முழுக்க வெள்ளம்போல் ஏறிவிட்டது. மிஞ்சியது இரண்டு வெள்ளைக் கண்ணும் ஒரு வரிசைப் பல்லும்தான். அழிக்கலாமென்று போன கை நின்றது. அவள் நெஞ்சில் கிடந்தது அப்படியே அங்கே இருந்தது. பிரின்ட் கொடுத்தாள். பிரின்டர் அரைமணி நேரம் அலறியது.

“எனக்க மை ரிப்பனக் கொன்னாளே!” என்று பினுவும் அலறினான்.

அந்தச் சுருளைப் பையில் வைத்துக்கொண்டு லிஜா வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜெயபாய் பையில் அதைக் கண்டாள். தென்னையின் முதல் குலை, கோழியின் முதல் முட்டை, முதல் ரப்பர் ஷீட் என்று எதுவானாலும் பண்டிகை ஏலத்துக்குச் சபையில் கொண்டுபோய் வைப்பது அங்கே வழக்கம். கம்ப்யூட்டரிலிருந்து மகள் கொண்டுவந்த முதல் பொருள் வேறு யாருக்கு? ஆண்டவருக்குக் கொடுப்பதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று, ஜெயபாய் அதைப் பார்க்காமலேயே சிவப்பு நாடா கட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏலம். ஏத்தன் வாழைக்குலை போனது, சேவல் போனது. ஏலம் விடுகிற சுந்தரதாஸ் அடுத்தபடியாக நாடாவை அவிழ்த்துச் சுருளை விரித்துத் தூக்கிப் பிடித்தார். தன் சுருளைக் கண்ட லிஜா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. போதகர் தன்னையறியாமல் ஒரு கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லிவிட்டார்.

“எனக்க மாமியாராக்கும்!” என்றது ஒரு குரல்.

“போலே, இது எனக்க ஹெட்மாஸ்டர்.”

சத்தியதாஸ் எழுந்தார். தொலைந்தது என்று லிஜா கண்ணை மூடினாள். கேட்டது திட்டல்ல, அப்பாவின் உற்சாகக் கூவல்.

“எலே நேசையா! ஒனக்க மூஞ்சியாக்கும்லே! வேலித் தகராறுல நீ நின்ன அதே நிப்பு!”

பக்கத்துத் தோட்டக்காரர் நேசையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எனக்கு இத்தர பல்லு கெடயாது ஓய்.”

“நான் எடுக்கியேன். வீட்டு முன்னால மாட்டி வாறவன் போறவன் எல்லாம் பாத்துச் சிரிக்கணும்!” என்று சத்தியதாஸ் ஏலத்தைக் கூட்டினார்.

லிஜா பிழைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என்ன கொடுமை! உயிரைக் கொடுத்து வரைந்த முகத்துக்குப் போயும் போயும் நேசையன் பெயரா? எழுந்து நின்றாள்.

“அப்பா, அது நேசையன் மாமன் இல்ல. நீங்களாக்கும்.”

கோழிகள்கூடக் கொக்கரிப்பதை நிறுத்தின. சத்தியதாஸ் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். மனைவியிடம் திரும்பினார்.

“ஜெயபாயி, நான் இப்பிடியா?”

“இதுக்க இரட்டியாக்கும். பிள்ள பாவம் பாத்துக் கொறச்சு வரைஞ்சிரிக்கு.”

சபை இடிந்து விழுவதுபோல் சிரித்தது. நேசையன் துள்ளி எழுந்தார். “அப்படின்னா எனக்கு வேணும்! எனக்க வாழத்தோட்டத்துல நட்டா பன்னி எட்டு மைல் ஓடும்!”

அதன்பிறகு நடந்த ஏலத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். தன் முகம் பன்னி விரட்டப் போகக் கூடாதென்று சத்தியதாஸ் விடாமல் கேட்டார். நேசையன் கேட்க, இவர் அதற்கு மேல் கேட்க, கடைசியில் சத்தியதாஸின் முகத்தைச் சத்தியதாஸே விலைக்கு வாங்கினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் நடந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று சுருளை இன்னொரு தடவை விரித்தார்.

“நாளைக்கு கிளாஸ் உண்டா?”

“உண்டு.”

“போ. போயி நான் சிரிக்கியதுபோல ஒண்ணு வரை.”

“நீங்க சிரிச்சாத்தானே அப்பா பாத்து வரைய முடியும்?”

சத்தியதாஸ் சிரித்தார்.

வெயிட்டிங் ஷெட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஜெயதாஸ் இந்த இடத்தில் துள்ளி எழுந்தான். “நிறுத்து! பன்னி எட்டு மைல் ஓடும்னு சொன்னப்பக்கூட நான் நம்பினேன். சத்தியதாஸ் சிரிச்சாரா?”

“எனக்க தங்கச்சி கல்யாணத்துல சிரிச்சாரே, நான் கண்டேன்” என்றார் அவன் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்த கிருஷ்ணன்குட்டி.

“அது பல்லுவேதன ஓய்!”

“எடா, என்ன நீ பொய்யன்னா சொல்லுத?”

“நீரு என்னைக்கு உண்மை சொன்னீரு?”

கிருஷ்ணன்குட்டி குடையை மடக்கி ஓங்கினார். ஜெயதாஸ் கைலியை மடித்துக் கட்டினான். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, ஒருவரும் ஏறவில்லை.