மேற்குச் சுவரில் ஒரு வேட்டி

எங்கள் வீட்டு மேற்குச் சுவரால் எனக்கும் குப்பம்மாளுக்கும் முதல் சண்டை வந்தது. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஜன்னலும் இல்லாமல் வாசலும் இல்லாமல் நீளமாக நின்ற மண்சுவர் எங்களுடையது ஒன்றுதான். 1934இல் நான் மருமகளாக வந்த முதல் பொங்கலுக்குச் செம்மண்ணும் சாணியும் குழைத்து, தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி அந்தச் சுவர் முழுக்க மெழுகினேன். ஈரம் காய்ந்ததுதான் தாமதம், எதிர்வீட்டுக் குப்பம்மாள் ஒரு கை நிறையக் கருவேல முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வேணி, சொவரு காஞ்சிருச்சா?"

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"ஒரு போர்வைய தொங்கவுடணும்."

சொல்லிக்கொண்டே முதல் முள்ளைச் சுவரில் குத்தினாள். என் நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது. நேரே உள்ளே போய் மாமியாரிடம் முறையிட்டேன். "அந்தச் சொவரு அவளோடதுடி, நீ மெழுகறதோட சரி" என்று சொல்லிவிட்டு அவர் முறத்தில் அரிசி புடைக்கப் போய்விட்டார்.

அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. சிறு வயதில் கிணற்று மேட்டிலிருந்து விழுந்தவளுக்கு, கட்டுப் போட்ட புண்ணியவான் கோணலாகப் போட்டுவிட்டான். மற்ற பெண்கள் பழஞ்சேலைகளைத் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போர்வை தைப்பார்கள். அவளால் அது ஆகாது. அவள் குடிசைக்குள் விரிக்க இடமும் கிடையாது. அதனால்தான் என் சுவர்.

அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லையாம். இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பிறகு ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கி வந்ததாகப் பாவனை செய்து, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். குப்பையை எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பார்க்கவில்லைதான். ஆனால் அவளைச் சுற்றி இருந்தவர்களை விட்டுவைக்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு, அவள் வேலை செய்வதைச் சுவரோரம் நின்று பார்க்க ஆரம்பித்தேன். அடித்துணியின் மேல் ஓரத்தை வரிசையாக முள்ளால் சுவரில் குத்துவாள். துணி தன் கனத்திலேயே தொங்கும். உள்ளங்கையை நனைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு நீவு, சுருக்கமெல்லாம் ஓடிவிடும். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, வரி வரியாகப் பெரிய பெரிய தையல் ஓட்டுவாள். தையற்காரர்கள் அதைக் கச்சா என்பார்கள். கெட்டித் தையல் விழும்வரை துணிகள் இடம் மாறாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அதற்கென்று தன் கல்யாணச் சேலையின் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூல் வைத்திருந்தாள். நூலின் எந்த முனையிலும் முடிச்சுப் போடமாட்டாள். முள்ளைப் பிடுங்கிப் போர்வையை மடியில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து கெட்டித் தையல் போட்டு முடித்ததும், சிவப்பு நூலை மேலிருந்து ஓர் இழு இழுப்பாள். வரி முழுக்க அப்படியே கையோடு வந்துவிடும். அதைக் குச்சியில் சுற்றி அடுத்த போர்வைக்கு வைத்துக்கொள்வாள். அந்த ஓர் இழுப்பில் அவளுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

"பாத்தியா, ஒரு எடத்துலயாவது மாட்டுச்சா?" என்று என்னையே கேட்பாள். நான் முள் குத்திய ஓட்டைகளைப் பார்த்து முறைப்பேன், பொங்கலுக்குப் பொங்கல் அவற்றை அடைத்து மெழுகுகிறவள் நான்தானே.

அவள் புருஷன் மாசிலாமணி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஒரே மகள் சின்னபொண்ணு. அவளைத் திண்டிவனத்தில் சின்னதுரை என்கிற வண்டிக்காரனுக்குக் கொடுத்தார்கள். நல்ல பையன். சின்னபொண்ணு இரண்டு முறை தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். இரண்டு முறையும் குப்பம்மாள் முன்கூட்டியே போர்வை தைத்து, கச்சாவை உருவி, மடித்துத் தயாராக வைத்திருந்தாள். ஒரு குழந்தை தொட்டிலில் போடுவதற்கு முன்பே போயிற்று. இன்னொன்று முகம் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் இருந்து, பிறகு போயிற்று. இரண்டு போர்வைகளும் அவற்றோடு மண்ணுக்குள் போயின.

மூன்றாவது முறை சின்னபொண்ணு முழுகாமல் இருக்கிறாள் என்று திண்டிவனத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது, குப்பம்மாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. திருவக்கரை அம்மனுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நான்தான் வேணி தப்புப் பண்ணிட்டேன். பொறக்கறதுக்கு மின்னாடியே கெட்டித் தையலு போட்டு முடிச்சிட்டேன். வர்றதுக்கு மின்னாடியே எல்லாத்தையும் முடிச்சு வச்சா அது எப்படி நிக்கும்? இந்த வாட்டி கச்சாவோட வுட்டுடப் போறேன். புள்ள வந்து அழுவட்டும், அப்பறம் தச்சிக்கறேன்" என்றாள்.

அது 1945. உலகச் சண்டை முடிந்துவிட்டது என்று தமுக்கடித்தார்கள். முடிந்து என்ன, துணி வரவில்லை. கண்ட்ரோல் கடையில் விடியும் முன்னே போய் நின்றாலும் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். ஊரெல்லாம் பழசையே கிழியக் கிழியக் கட்டிக்கொண்டிருந்தபோது, போர்வைக்குப் பழந்துணி யார் கொடுப்பார்கள்? வீடு வீடாக நொண்டி நடந்து எப்படியோ இரண்டு கிழிந்த சேலைகள் வாங்கிவந்தாள். ஒன்று என்னுடையது. நடுத்துணிக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. குழந்தையின் முதல் போர்வைக்கு நடுத்துணி தாத்தாவின் பழைய வேட்டியாக இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாசிலாமணிக்கு இருந்ததோ, இடுப்பில் கட்டியிருந்த ஒரே வேட்டி.

"ஊர்ல இருக்கிற ஆம்பளைக்கெல்லாம் ஒரு பழசாவது இருக்குது" என்று அவள் சுவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். புருஷனைக் குறை சொல்ல நினைத்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது.

மாசிலாமணி குடிசைக்குள் போனார். வரும்போது இடுப்பில் மல்லாட்டைக் கோணி ஒன்றைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். கையில் வேட்டி.

"இதுவே பழசுதான் குப்பு. நான் மண்டியில கோணிய கட்டிக்கினு வேல செஞ்சா யாரு கேக்கப்போறா?"

"யோவ், மழைக்காலம் வருதுய்யா."

"கச்சாதானே போடப்போற? குளுந்தா உருவிக் கட்டிக்கிறேன் போ."

பிறக்காத பிள்ளைக்குக் கத்தரி வைக்கக்கூடாது என்று அவள் வேட்டியை வெட்டவில்லை. துவைத்து, முழு வேட்டியையும் நாலாக மடித்து நடுவில் கொடுத்து, சிவப்பு நூல் ஓட்டினாள். வாடைக்காலத்து மழை கிழக்கேயிருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் தாழ்வாரத்துக்கடியில் சாரல் படாது. வெள்ளைச் சேலையில் சிவப்பு வரிகளோடு அந்தச் சின்னப் போர்வை அங்கேயே தொங்கியது. அந்த வருஷம் நான் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மண்டியில் நனைந்த கோணி உடம்பிலேயே காயும், திரும்ப நனையும். மாசிலாமணிக்கு இருமல் கண்டது.

"உருவித் தர்றேன்யா, கட்டிக்க. ஒரு இழுப்புதான்" என்று குப்பம்மாள் கெஞ்சினாள்.

"புள்ளைக்குன்னு குடுத்தாச்சு. சும்மா பேஜாரு பண்ணாத" என்றார் அவர்.

ஒரு சாயங்காலம் நான் சுவர்ப்பக்கம் விறகு எடுக்கப் போனேன். மாசிலாமணி போர்வைக்கு எதிரில் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் மேல்துணிக்கு அடியில், வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று கைகளை உருவிக்கொண்டார்.

"ஈரம் பட்டுடுச்சான்னு பாத்தம்மா" என்றார்.

கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் யார்? என் வீட்டிலும் மாற்றுக்கு ஒரு வேட்டி இருந்திருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இல்லை.

கார்த்திகையில் சின்னபொண்ணு நிறை வயிற்றோடு ரயிலில் வந்து இறங்கினாள். அப்பாவைக் கோணியில் பார்த்து, "என்னாப்பா இது கோலம்?" என்று அழுதாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. சளி நெஞ்சைக் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தார்கள், கஷாயமும் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தீபத்துக்கு மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று சின்னபொண்ணைக் குடிசைக்குள் விடவில்லை. எங்கள் மேற்குச் சுவரோரம் தாழ்வாரத்துக்கடியில் ஒரு மணையைப் போட்டு உட்காரவைத்தேன். எதிரில் குடிசையிலிருந்து அவள் அம்மாவின் ஒப்பாரி கேட்டது. அவள் தலைக்குமேல் போர்வை தொங்கியது.

குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. கோடி என்று புதுத்துணி போர்த்தவேண்டும். உறவுமுறையார் வந்தார்கள், கையை விரித்தார்கள். ஒரு முழம் துணி இல்லாமல் கோடி போர்த்த வந்த உறவு! அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எல்லாரையும் அறைய வேண்டும் போலிருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சொவத்துல அவன் வேட்டி தொங்குதே. முனையில மஞ்சத் தண்ணி தொட்டா கோடிதான்."

அவ்வளவுதான். ஒப்பாரி நின்றது. குப்பம்மாள் எழுந்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்து, போர்வைக்கு முதுகைக் கொடுத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள்.

"தொடக்கூடாது. அது கொழந்தையோடது."

"குப்பு..."

"குளுருல செத்தாருய்யா அந்த மனுசன். தொட்டுப் பாத்துக்கினாரே ஒழிய உருவிக் கட்டிக்கினாரா? அவரு குடுத்தத புடுங்கி அவருக்கே போத்துவீங்களா? அவரு பட்டதெல்லாம் எதுக்கு?"

நான் பார்த்ததை அவளும் பார்த்திருக்கிறாள். அவளைத் தாண்டிப்போய்ப் போர்வையைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

சின்னபொண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, எங்கப்பாவ கோணியில அனுப்புவியா?"

"இது உம் புள்ளைக்குடி. இதுவும் போயிட்டா அது எப்படி நிக்கும்?"

"புள்ள இன்னும் வரலம்மா. அப்பா இப்ப போறாரு."

சொல்லிவிட்டு, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். முதுகுக்குப் பின்னால் நூல் ஓடுவது குப்பம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது வரியில் சின்னபொண்ணு அவசரமாகப் பக்கவாட்டில் இழுத்தாள், நூல் முறுக்கிக்கொண்டது.

"அப்பிடி இழுக்காதடி, அறுந்துடும்" என்றாள் குப்பம்மாள். "மேலருந்து புடி."

சொன்னவள் தானே திரும்பி நின்று, மீதி வரிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஓர் இடத்திலும் மாட்டவில்லை. கடைசி வரி கையோடு வந்ததும் வேட்டி முழுசாகச் சரிந்து அவள் மேல் விழுந்தது. அதை முகத்தில் அமுக்கிக்கொண்டு, "மாட்டக்கூடாதா, ஒரு எடத்துலயாவது மாட்டக்கூடாதா" என்று கத்தினாள். அந்த அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

மாசிலாமணி அந்த வேட்டியோடு போனார். முனையில் மஞ்சள், மேலெல்லாம் கச்சா போட்ட ஊசித் துளைகள்.

தை பிறப்பதற்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. மாசிலாமணியைக் குளிப்பாட்டும்போது அவிழ்த்த கோணியை வெட்டியானுக்குக் கொடுக்காமல் குப்பம்மாள் ஒளித்து வைத்திருக்கிறாள். அதை வெந்நீரில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து அடித்துத் துவைத்து, அந்த இரண்டு சேலைகளுக்கும் நடுவில் கொடுத்தாள்.

"சணல் குத்துமேக்கா" என்றேன்.

"மேல சேல இருக்குதில்ல. அவரு அதுலதான இருந்தாரு."

"இருங்க, சொவத்த தொடச்சித் தர்றேன், தொங்கவுடுங்க."

"வேணாம்" என்றாள்.

கச்சாவே போடவில்லை. மூன்றையும் மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே கெட்டித் தையல் போட்டாள். முனைக்கு முனை முடிச்சு. நீவிவிடச் சுவர் இல்லாததால் போர்வை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. அவள் தைத்ததிலேயே அப்படி அலங்கோலமான போர்வையை நான் பார்த்ததில்லை. குழந்தை அதன்மேல்தான் தூங்கியது. அது நின்றது. கொழுகொழுவென்று வளர்ந்து, சின்னபொண்ணோடு திண்டிவனத்துக்கு ரயிலேறிப் போயிற்று.

அதன் பிறகும் குப்பம்மாள் போர்வைகள் தைத்தாள், பிழைக்க வேண்டுமே. எல்லாம் மடியில் வைத்துத் தைத்தவைதான், எல்லாம் சுருக்கம். சிவப்பு நூல் சுற்றிய குச்சி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அந்தக் கடைசி ஓட்டைகளை அடைக்க எனக்குக் கை வரவில்லை, மாமியார்தான் மெழுகினார். அடுத்த பொங்கலுக்குச் செம்மண்ணைக் குழைத்துக்கொண்டு நான் போனேன். சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். அடைப்பதற்கு ஓர் ஓட்டை இல்லை.