பாதிச் சொல்

ஹம்பேர்க் துறைமுகத்தில் பன் ரொட்டிக்குள் மீன் வைத்துப் பணிஸ் விற்கும் அந்தச் சிவந்த மூக்குக்காரர் கிழக்கு லண்டனில் பிறந்த கொக்னி என்று அறிந்ததும், மொழியியல் படிக்கும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொக்னிகள் மாடிப்படியை 'ஆப்பிளும் பேரிக்காயும்' என்பார்கள். ஆங்கிலத்தில் பேரிக்காயும் படியும் ஒரே ஓசையில் முடியும். இதையெல்லாம் இணையத்தில் கரைத்துக் குடித்திருந்தேன்.

மறுநாளே ஓடிப்போய், "ஆப்பிளும் பேரிக்காயும் ஏறிக் களைச்சுப்போனன், ஐயா" என்று அவருடைய ஆங்கிலத்திலேயே சொன்னேன். நிமிர்ந்தவரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"முழுசாச் சொல்லிப்போட்டாய், தம்பி," என்றார் ஜெர்மன் மொழியில். "நாங்கள் ஆப்பிள் எண்டு மட்டும்தான் சொல்லுவம். மிச்சம் கேக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

"அப்ப பழக்கிவிடுங்கோ. கிழமைக்கொருக்கா வாறன், கதைப்பம்."

"ஏலாது. நீ பாடமாக்கிச் சொல்லுவாய். நானும் என்ரை அண்ணனும் ஒரே படியில விழுந்தெழும்பி வளந்தனாங்கள். போன் எடுத்தால் பாதிதான் சொல்லுவன், அவன் சிரிப்பான். போன மாதம் அவனும் செத்துப்போனான்."

பணிஸை நீட்டினார். "வெங்காயம் போடவோ?"

அவருடைய கொக்னிச் சொற்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். "போடுங்கோ" என்றேன், ஜெர்மன் மொழியிலேயே.