கொக்கியைச் சுரண்டிப் பார்த்தவர்

இருளப்பன் அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று கைபேசியில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அனுப்பியவரின் எண் எனக்குத் தெரியாதது. உடன் வந்த படம் அண்ணாச்சியுடையதுதான், ஆனால் அது அவருடைய மகள் கல்யாணத்தில் எடுத்தது. யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். செய்தியில் அவருடைய ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சாவுச் செய்தியை இப்படி உட்கார்ந்து ஆராய்வது ஈரமில்லாத காரியம் என்று சிலருக்குத் தோன்றலாம். அவரோடு பழகியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அவரிடம் பழகியவர்களுக்கு வேறு மாதிரி வராது.

வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"ஆமா மாமா. விடியக்காலைல."

"டாக்டர் வந்து பாத்தாராம்மா?"

"நான் பக்கத்துலதான் இருந்தேன் மாமா," என்றாள். பிறகு, "நீங்களும் அப்பா மாதிரியே கேக்கீக," என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அவர் எப்படிப் போனார் என்பதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. இருதயத்தில் அடைப்பு இருப்பதாக ராஜபாளையத்தில் ஒரு மருத்துவர் சொன்னார். அந்த மருத்துவருக்கு எந்த ஆஸ்பத்திரியோடு தொடர்பு என்று விசாரித்தார் அண்ணாச்சி. மதுரையில் இன்னொருவரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சவங்க சார்," என்றார் என்னிடம். மூன்றாவதாகத் திருநெல்வேலியில் ஒரு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தார். அந்த நாள் வருவதற்குள் போய்விட்டார். சந்தேகத்தாலேயே போய்ச் சேர்ந்தார் என்று இழவு வீட்டில் இரண்டு மூன்று பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதே சந்தேகத்தால் இன்று உயிரோடு இருக்கிறவர்களும் அங்கே நின்றார்கள். அவர்களில் நானும் என் மனைவி கோமதியும் உண்டு.

அண்ணாச்சிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் உண்மையா, சொல்லும் காரணம் உண்மையா என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். நாங்கள் அறிமுகமானதே அப்படித்தான். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி எங்கள் கார் மீது லாரி ஏறியது. எனக்குக் கையில் சிராய்ப்பு. கோமதிக்கு இடுப்பும் முதுகும் நொறுங்கிவிட்டன. நான் நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன்; லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தேன். அங்கேதான் அண்ணாச்சி ஒரு தோல் பையோடு வந்து நின்றார்.

"நீங்கதான் ஓட்டினீகளா?"

"ஆமா."

"கண் அசந்துட்டீகளோ?"

"இல்ல."

"லாரிக்காரன் நீங்க அசந்துட்டதாச் சொல்லுதான்."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு நேராக உள்ளே போனார். கட்டிலில் அசையாமல் கிடந்தவளிடம் அதே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கோமதி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் முழிச்சிருந்தேன். அவுகளும் முழிச்சிருந்தாக. லாரிதான் கோட்டைத் தாண்டி வந்துச்சு. நீங்க நாலாந் தடவ கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

அவர் பையை மூடினார். "நாலாந் தடவ கேக்க மாட்டேன் தாயி," என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது எங்களுக்குச் சாதகமாக இருந்தது. அதற்காக நான் நன்றி சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "உண்மைய எழுதுனதுக்கு நன்றி சொன்னா, வேற எதையாச்சும் எதிர்பாத்தீகளோன்னு தோணுது," என்றார்.

பிறகு அவர் வீட்டுக்கு வரப் போக இருந்தார். கோமதியைத் தங்கச்சி என்று அழைத்தார். அந்த முறைப்படி என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கடைசி வரையில் சார்தான். ஒருநாள் கோமதி கேட்டேவிட்டாள். "உறவு முறை வந்துட்டா சந்தேகப்பட முடியாது தங்கச்சி. ஒரு ஆளையாவது வெளிய நிறுத்தி வைக்கணும்ல," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவரோடு வெளியே போவது எளிதல்ல. பழக்கடையில் அடுக்கின் மேலே இருக்கும் மாம்பழத்தை எடுக்கமாட்டார். பெட்ரோல் பங்கில் இறங்கி நின்று மீட்டரையும் பையனையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒருமுறை அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோது, தண்ணீர் வரத்து குறைவு என்று கீழே சொன்ன காவலரை நம்பாமல் மேலே வரை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "அவர் சொன்னது சரிதான்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

கோமதி எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் எங்கேயும் போக முடியவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவள் படுக்க வேண்டும். நாற்காலி போல உட்கார்ந்து எழும் கழிப்பறை, அதுவும் சரியான உயரத்தில், வேண்டும். திருச்செந்தூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் அது இல்லை. பஸ் நிலையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "கடலப் பாக்கணும்" என்று அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்போதுதான், காருக்குப் பதில் வாங்கிய ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்னதொரு வீட்டு ட்ரெய்லரைக் கோயம்புத்தூரில் கட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சொல்லி வைத்தேன். ஒரு கட்டில், ஒரு கழிப்பறை, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். அது வந்து வாசலில் நின்ற அன்று கோமதி கைத்தடியோடு ஏறிப் போய்ச் சன்னலைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள்.

முதல் ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை. அண்ணாச்சி வீட்டுக்குத்தான். கோமதி ஜீப்பில் என் பக்கத்தில் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பஸ் எங்களைத் தாண்டியபோது அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"பின்னாடி யாரோ சேலையப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல. பஸ் காத்து."

அடுத்த பஸ்ஸுக்கும் அதையே சொன்னாள். ஸ்டீயரிங்கில் எனக்கு ஏதோ மெல்லிய நெளிவு தெரிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. விபத்தில் அடிபட்டவள், பயம் போகவில்லை என்று நினைத்தேன். ட்ரெய்லர் கட்டியவரிடம் போனில் கேட்டதற்கு, "புதுசா இழுக்கறவங்க எல்லாருமே அப்படித்தானுங்க சொல்லுவாங்க, பழகிரும்," என்றார்.

அண்ணாச்சி வாசலில் நின்று மூன்று பேர் சொன்னதையும் கேட்டார். என்னையும் போனில் பேசியவரையும் விட்டுவிட்டுக் கோமதியிடம் போனார்.

"எப்பல்லாம் இழுக்கு தங்கச்சி? பஸ் வரும்போதா, தாண்டுன பொறவா?"

"தாண்டும்போது அந்தப் பக்கம் தள்ளுது. தாண்டுன பொறவு ரெண்டு பக்கமும் ஆடுது."

அவர் என்னிடம் திரும்பினார். "திருச்செந்தூருக்கு இப்ப போகாதீக சார். இது ஒருநா ஜீப்பையும் சேத்துப் புரட்டிப் போட்டுரும். அப்படிப் புரண்டத நான் பாத்திருக்கேன்."

ட்ரெய்லர் ஆடாமல் பிடிக்கும் இழுவைக் கொக்கி என்று ஒன்று இருக்கிறது. அதில் பல வகை. ஒரு பக்கம் மட்டும் உராய்வுத் தண்டு வைத்து இறுக்கிப் பிடிப்பது ஒன்று. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பிகள் வைத்து, ட்ரெய்லரின் பாரத்தை ஜீப்பின் முன் சக்கரம் வரை பகிர்ந்து, ஆட்டத்தையும் தடுப்பது இன்னொன்று. மதுரையில் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் முன்பணம் கட்டத் தயாராக இருந்தேன். அண்ணாச்சி தானும் வருவேன் என்றார்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஸ்பிரிங் கம்பி வைத்த கொக்கி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றார். அண்ணாச்சி குனிந்து அதை முகர்ந்தார். பிறகு சாவியை எடுத்து, வளைவுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் வெல்டிங் பற்று தெரிந்தது. முறிந்ததை ஒட்டி, மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள்.

கடைக்காரர் குரல் மாறியது. "என்னண்ணே, பொருள வாங்க வந்தீங்களா, சுரண்ட வந்தீங்களா? சந்தேகம்னா வேற கடையப் பாருங்க."

"பாக்கத்தான் போறேன்," என்றார் அண்ணாச்சி. "இத யாருக்கும் வித்துராதீக. இதுக்குப் பின்னாடி ஒரு குடும்பம் தொங்கும்."

வெளியே வந்து டீ குடிக்கும்போது, இதற்கா முன்பணம் கட்ட இருந்தேன் என்று புலம்பினேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "புதுப் பெயிண்ட் வாசன அடிச்சா, கூட ஒரு நிமிசம் நில்லுங்க சார். விபத்து வண்டி எல்லாத்துலயும் அந்த வாசன அடிச்சிருக்கு," என்றார்.

உடனே வேறு கடைக்குப் போகலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. கொக்கியின் மேல் சந்தேகம் தீர்ந்த பிறகு அவருக்கு ட்ரெய்லரின் மேல் வந்திருந்தது. எங்கள் மில்லில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசின் மேல் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரின் முன்மூக்கை இறக்கி வைக்கச் சொன்னார். மூக்கின் பாரம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. தண்ணீர்த் தொட்டி, பாட்டரி, உபரிச் சக்கரம் எல்லாம் பின்னால் இருந்தன. பின்பக்கம் கனத்து முன்பக்கம் லேசானால் எந்த ட்ரெய்லரும் வாலை ஆட்டும் என்றார். "கொக்கி ஆட்டத்தப் பிடிச்சு வைக்கும் சார். ஆட்டம் எங்கேருந்து வருதுன்னு அதுக்குத் தெரியாது. அத நாமதான் தேடணும்."

பாட்டரியையும் சக்கரத்தையும் முன்னால் மாற்றினோம். தொட்டியை ஓடும் சக்கரங்களுக்கு நேர் மேலே நகர்த்தினோம். இப்போது மூக்கு கனத்தது. ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டது. உராய்வுத் தண்டு மட்டும் போதும் என்று நான் நினைத்திருந்தது அப்போது அடிபட்டுப் போயிற்று. அது ஆட்டத்தைப் பிடிக்கும், பாரத்தைப் பகிராது. முன் சக்கரம் தரையில் அழுந்தாவிட்டால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. ஸ்பிரிங் கம்பி வகைதான் வேண்டும் என்று முடிவானது. ஜீப் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று அதன் தகட்டில் படித்துப் பார்த்துவிட்டு, அதற்குள் அடங்கும் அளவில் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கினோம். அதையும் சுரண்டினார். அந்தக் கடைக்காரர் கோபப்படாமல் இன்னொரு சாவியை எடுத்து நீட்டி, "இந்தப் பக்கமும் பாத்துக்குங்க," என்றார். வாழ்க்கையில் அண்ணாச்சி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மாட்டி முடித்த அன்று என்னிடம் சொன்னார்: "நான் சொன்னேங்கதுக்காக இத நம்பிராதீக. நான் சர்வேயரு. உடைஞ்ச பொறவு பாத்துத்தான் எனக்குப் பழக்கம். வண்டி அச்சு வேல தெரிஞ்ச ஆள் ஒருத்தர்ட்ட இன்னொரு தடவ காட்டுங்க." காட்டினேன். அந்த ஆளும் சரி என்றார்.

திருச்செந்தூருக்குக் கிளம்பிய காலையில் அண்ணாச்சி தன் காரோடு வந்து நின்றார். ட்ரெய்லர் ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக்கூடாது, கோமதி ஜீப்பில்தான் வர வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். எங்களுக்குப் பின்னாலேயே சங்கரன்கோவில் வரை வந்தார். ஆடுகிறதா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் தன் கண்ணால் பார்க்க வந்தார். பஸ்கள் தாண்டின. ஒரு சிமெண்டு லாரி உரசுவது போலத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லர் ஒரு சிலிர்ப்போடு நேராக வந்தது.

சங்கரன்கோவிலில் ஓரங்கட்டினோம். அவர் இறங்கி வந்தார். என்னைக் கேட்கவில்லை. கோமதியின் பக்கத்துச் சன்னலில் குனிந்தார்.

"சேலைய இழுக்கா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்பச் சரி," என்றார். என்னைப் பார்த்து, "அறுபதத் தாண்டாதீக. நான் இல்லன்னு மிதிச்சிராதீக," என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் திருச்செந்தூர் போய்விட்டோம். கடலுக்கு எதிரே ட்ரெய்லரை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிட்டேன். கோமதி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கை வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பேச ஆரம்பித்த இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நான் வெளியே மணலில் நின்று அண்ணாச்சிக்குப் போன் செய்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்றேன். "தங்கச்சிட்டக் குடுங்க," என்றார்.

அண்ணாச்சியை அறிந்த உங்களில் பலருக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. உங்கள் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பார், கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பார், சிலருடைய துக்கத்தையே சந்தேகப்பட்டிருப்பார். கோமதியும் அவரைத் திட்டினாள். "எத்தன டாக்டர்ட்டத்தான் கேப்பீகண்ணே?" என்று அவள் கேட்டதும், "இந்த ஒரு ஆள் மட்டும்" என்று அவர் சொன்னதும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. அன்று அவரை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாமே என்று இப்போது அவள் சொல்லிச் சொல்லி அழுகிறாள். இழுத்தால் வருகிற ஆளா அவர் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். ட்ரெய்லரை எடுக்கவில்லை. பாதி வழியில் கோமதி, "இடது பக்கம் என்னவோ சத்தம் கேக்கு," என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நேரமும் ஆகியிருந்தது. நான் ஓரமாக நிறுத்தி இறங்கினேன். ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் ஆட்டிப் பார்த்தேன். மண்ணில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன். வேட்டியெல்லாம் செம்மண். அவரிடமிருந்து எனக்கு மிச்சமானது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

திரும்ப ஏறி உட்கார்ந்து அவளிடம் சொன்னேன்: "பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. மறுபடி கேட்டாச் சொல்லு, திரும்ப நிறுத்துதேன்."

அவள் தலையசைத்துவிட்டு, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.