பெரியம்மா தைக்காத சட்டை

என் பெரியம்மாவுக்கு ஒழுங்காகத் தைக்கத் தெரியாது. இதை நான் கோர்ட்டில் பிரமாண வாக்குமூலமாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தச் சட்டப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் உருப்படியான காரியம், என்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தொழில் தெரியாது என்று ஊரறிய நிரூபித்ததுதான்.

பெரியம்மாவின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே ஷட்டர், உள்ளே பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இந்தப் பக்கம் தையல், அந்தப் பக்கம் வாட்ச் ரிப்பேர். பெரியம்மா சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவாள். அளவெடுக்கும்போது வீட்டுக் கதையெல்லாம் கேட்பாள், அதை மறக்காமல் அடுத்த முறையும் விசாரிப்பாள். அதனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தையலுக்காக வந்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் தைக்கும் எந்தச் சட்டையிலும் காலரின் இடது முனை வலது முனையைவிட ஒரு சுண்டுவிரல் நகம் அளவு நீளமாக இருக்கும். பன்னிரண்டு வருடம் அவள் தைத்த யூனிஃபார்மைத்தான் போட்டேன். எல்லா குரூப் போட்டோவிலும் நான் இடப்பக்கம் சாய்ந்தே நிற்பேன். அது என் சுபாவம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தைப்பது எப்படியோ, லேபிளில் குறை வைக்க மாட்டாள். தங்க நூலில் கிரீடம் நெய்த லேபிள். ஆயிரத்துக்குக் குறைந்து செய்து தர மாட்டேன் என்று லேபிள் நெய்பவர் சொன்னதால் ஆயிரமும் வாங்கிவிட்டாள். தீர்க்க வேண்டுமே! கை நீளத்தைக் குறைக்க, இடுப்பைப் பிடிக்க என்று யாராவது ரெடிமேட் சட்டை கொண்டுவந்தால், கம்பெனி லேபிளைப் பிரித்துவிட்டுக் கிரீடத்தை வைத்துவிடுவாள். "நம்ம கை பட்டா நம்ம சட்டைதானே?" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கிரீடங்களை நான்தான் தைப்பேன். நாலு மூலைக்கும் நாலு தையல்.

நான் பள்ளி இறுதி வருடம் படிக்கும்போது ஊருக்கு வெளியே ஒரு குடோனில் திருட்டு நடந்தது. காவலாளியைத் தலையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கிழிந்து தொங்கியது. காலரில் கிரீடம். போலீஸ் நேராகப் பெரியம்மாவிடம் வந்து அளவு நோட்டைப் புரட்டியது. அந்த மாதம் நீலக் கட்டத்தில் தைத்தது ஒரே ஒரு சட்டை. பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாட்ச்கடைக்காரருக்கு.

"அந்தச் சட்டையை நான் போடவே இல்ல சார். வெட்டி வாட்ச் துடைச்சேன். அழுக்கானதும் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அவர். ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். புதுச் சட்டையை எவனாவது துடைக்கும் துணியாக்குவானா? அவர் மனைவி வெளியூர் போயிருந்ததால், சம்பவ நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

விசாரணையில் பெரியம்மா சாட்சி. வாட்ச்கடைக்காரரின் வக்கீல் அவளைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"அம்மா, நீங்க தைச்ச சட்டை போட லாயக்கில்லாம, என் கட்சிக்காரர் அதை வெட்டி வாட்ச் துடைச்சாரு. சரிதானே?"

கோர்ட்டே சிரித்தது. பெரியம்மாவுக்கு அந்த நிமிடம்தான் விஷயமே தெரியும்.

"யாரு, இவரா? 'பிரமாதம்க்கா'ன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரே!"

"இந்தச் சட்டையைப் பார்த்துச் சொல்லுங்க. இது நீங்க தைச்சதா?"

பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது சட்டக் கல்லூரியில் குறுக்கு விசாரணையின் முதல் பாடம். அன்றைக்கு அந்த வக்கீல் வகுப்புக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். பெரியம்மா சட்டையை வாங்கி, காலரை நீவி, நீதிபதியிடம் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கய்யா, கோடு போட்ட மாதிரி இருக்கு. இதைப் போய் துடைக்கிற துணியாக்குவாங்களா? இது என் தையல். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது.

எட்டு வருடம் கழித்து, போன வருடம், வாட்ச்கடைக்காரரின் மனைவி கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் ஜூனியராக இருந்த ஆபீசுக்கு வந்தார். கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். வாட்ச் குறைந்துபோய் செல்போன் கவர் தொங்குகிறது. இத்தனை வருடமும் பலகைக்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை.

"உங்க பெரியம்மா வாயால உள்ள போனாரு. அந்தக் குடும்பத்து வாயே வெளிய கொண்டு வரட்டும்னு வந்தேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "புது வக்கீல்னா ஃபீஸும் கம்மியா இருக்கும்ல?" என்றார்.

கேஸ் கட்டுக்குள் அந்தச் சட்டையின் பெரிய போட்டோ இருந்தது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம். காலரின் இரண்டு முனைகளும் ஒரே நீளம். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகான காலர். அதுதான் பிரச்சினை.

படத்தைக் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தேன்.

"இது நீ தைச்சதா பெரியம்மா?"

"வாடி வக்கீலு. அதான் கோர்ட்டுல சொன்னேன்ல?"

"எனக்குச் சொல்லு."

அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். துடைத்தாள். மறுபடி விட்டாள்.

"காலரைத் தொட்டப்பவே கை சொல்லுச்சு, இது உன்னோடது இல்லன்னு. வாய் முந்திக்கிச்சு."

"எட்டு வருஷம் ஆச்சு!"

"எனக்கு எண்ணத் தெரியாதா? தினம் காலையில அவர் பொண்டாட்டி அந்தப் பக்கம் வந்து ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேக்குது. போலீஸ்ல போய் என்னன்னு சொல்ல? 'அய்யா, நான் அவ்வளவு நல்லா தைக்க மாட்டேன்'னா?"

"ஆமா. அதைத்தான்."

"நீ சொல்லுவியா, உனக்குச் சட்டம் தெரியாதுன்னு?"

லேபிள் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. யாரோ திருத்தக் கொடுத்த சட்டை. அந்த வேலைகளை அவள் நோட்டில் எழுதுவதில்லை. கொடுத்தவன் முகமும் நினைவில்லை. போட்டோவில் கிரீடத்தின் நாலு மூலையிலும் நாலு தையல் தெரிந்தது.

மறுவிசாரணை மனுவை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'திருத்த வந்த ஆடைகளிலும் மேற்படி லேபிள்கள் தைக்கப்பட்டன' என்று ஒரு வரி. சீனியர் அதன்மேல் பேனாவை வைத்தார். நிலத் தகராறிலேயே தலை நரைத்தவர். எல்லைக்கல்லை நகர்த்தியவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"யாரு தைச்சா?"

"கடையில..."

"கடைக்குக் கை இருக்கா?"

"நான்தான் சார்."

"அப்ப நீ சாட்சி. நீ எழுதிக் கொடு, நான் வாதாடறேன். ஒரு மனுஷன் உள்ள கிடக்கான், உனக்கு உன் பேரு கெட்டுடுமேன்னு கவலை."

பெரியம்மாவைப் பற்றி ஆபீசில் இரண்டு நாளாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் வித்தியாசம், அவள் கூண்டில் ஏறி நின்று செய்ததை நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தேன் என்பதுதான். படிப்பு அந்த அளவுக்கு உதவியிருக்கிறது.

சீனியர் பெரியம்மாவிடமும் மறைக்கவில்லை. "முன்னாடி சொன்னது பொய்னு ஒத்துக்கிட்டா உங்க மேலயே கேஸ் வரலாம்மா."

"ஜெயில்ல தையல் மெஷின் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப சரி. கொண்டாங்க, எங்க கையெழுத்து?"

அடுத்த வேலை, அவள் தையல் மோசம் என்பதற்கு ஆதாரம் சேர்ப்பது. ஆள் கிடைக்காது, முகதாட்சண்யம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். செய்தி போன மறுநாளே கடை வாசலில் வரிசை. ஓய்வு பெற்ற தபால்காரர் தன் சட்டையோடு அண்ணன் சட்டையையும் கொண்டுவந்திருந்தார். ஒரு கணக்கு வாத்தியார், "இந்த பேண்டைப் போட்டு உட்கார்ந்தா எழ முடியாது, எழுந்தா உட்கார முடியாது. சட்டைதான் வேணுமா, பேண்ட் எடுத்துக்க மாட்டீங்களா?" என்று ஏமாந்துபோனார். மொத்தம் இருபத்து மூன்று சட்டைகள். இருபத்து மூன்றிலும் இடது முனை நீளம். பெரியம்மா அத்தனை புகாரையும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, பதினாறு வருஷமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று தபால்காரரைக் கேட்டாள்.

"உங்க மூஞ்சியைப் பார்த்தா சொல்ல வராதுக்கா."

அரசு வக்கீல் விடவில்லை. வாட்ச்கடைக்காரரைக் காப்பாற்றுவதற்காக அவள் இப்போது பொய் சொல்கிறாள் என்றார். நீதிபதி யோசித்துவிட்டு, தையல் பயிற்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் முன்னிலையில் பெரியம்மா ஒரு சட்டை தைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

கோர்ட் நூலகத்தில் மேசைகளை ஒதுக்கி மெஷினைப் போட்டோம். பெரியம்மா நல்ல புடவையில் வந்தாள். நான் குனிந்து ஊசியைச் சரிபார்ப்பதுபோல், "இடது முனை கொஞ்சம் தூக்கலாவே வரட்டும் பெரியம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் சுருங்கிவிட்டது.

"வேணும்னே கெடுத்தா அதுவும் பொய்ச் சாட்சிதானே? ஒரு தடவை சொன்னது போதாதா? என்னால முடிஞ்ச அளவு நல்லாத்தான் தைப்பேன். போய் அந்தப் பக்கம் உட்காரு."

நாலு மணி நேரம் தைத்தாள். யாரோடும் பேசவில்லை, யார் வீட்டுக் கதையும் கேட்கவில்லை. காலரை மட்டும் இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். அவள் அவ்வளவு கவனமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்து நன்றாக வந்துவிட்டால்? ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை அந்த ஊசிக்குக் கீழே இருந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவள் தோற்க வேண்டும் என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை ஸ்கேலை வைத்தார். இடது முனை ஒரு சென்டிமீட்டர் நீளம்.

பெரியம்மா சட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தடவை பிரிச்சேனே" என்றாள்.

"முனை திரும்பும்போது இடது கையால இழுத்துப் பிடிக்கிறீங்கம்மா. துணி நீண்டுடுது" என்றார் ஆசிரியை. "கோர்ட்ல இருக்கிற சட்டையைத் தைச்சவங்க இழுக்கவே இல்ல. அது வேற கை. உங்களுக்கு இதை யாரும் சொன்னதில்லையா?"

"ஒருத்தர் சொல்லியிருப்பாரு" என்றாள் பெரியம்மா. "வாட்ச் துடைச்சுட்டாரு."

மறுவிசாரணைக்கு உத்தரவானது. விடுதலை இல்லை, எல்லாம் முதலிலிருந்து. பெரியம்மா மேல் கேஸ் வருமா என்பதும் இன்னும் தெரியாது. உத்தரவு வந்த அன்று சீனியர் அவளுக்கு ஒரே ஒரு சட்ட ஆலோசனை வழங்கினார். "தயவுசெஞ்சு கேஸ் முடியற வரைக்கும் தையல் கத்துக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. வெட்டுத் துணியில் இடது கையைத் தளர்த்தித் தளர்த்தி, ஐம்பது காலராவது தைத்துப் பார்த்திருப்பாள். கை பழைய இடத்துக்கே போனது. கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, பலகைக்கு அந்தப் பக்கம் போய், இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த அம்மாள் எதிரில் நின்று நீட்டினாள். அவர் விரித்துக் காலரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. லேபிள் இல்லாத சட்டை அது.

முதல் வாய்தா அன்று வாட்ச்கடைக்காரர் அதைத்தான் போட்டு வந்தார். மெலிந்திருந்தார், தலை முழுக்க வெள்ளை. வராந்தாவில் போலீசுக்கு நடுவே எங்களைத் தாண்டும்போது நின்றார். பெரியம்மாவின் கண் காலருக்குத்தான் போனது.

அவர் விலங்கு போட்ட கையைத் தூக்கிக் காலரின் இடது முனையைத் தடவிப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு" என்றார்.

"வெட்டிடாதய்யா" என்றாள் பெரியம்மா. "தீர்ப்பு வர்ற வரைக்குமாவது."