முதல் பாகம் மட்டும் பார்த்தவன்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் என்னை நம்பித் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். கறிவேப்பிலை வாங்கப் போனால் மரக்கறிக் கடைக்காரர் கேட்பார், தலைமயிர் வெட்டப் போனால் சலூன்காரர் கேட்பார், இந்தக் கிழமை என்ன பார்க்கலாம் அண்ணை என்று. நான் உடனே சொல்லிவிடமாட்டேன். வீட்டில் யார் யார் இருந்து பார்ப்பது, மனைவிக்கு இரத்தம் கண்டால் ஒத்துக்கொள்ளுமா, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்றெல்லாம் வைத்தியர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் மருந்து எழுதுவேன்.

எனக்கென்று சில கொள்கைகளும் இருந்தன. நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன் என்பதால் அவை வயிற்றோடு சம்பந்தப்பட்டவை என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். முதல் பாகத்தில் ஒருவருமே சாப்பிடாத தொடரைத் தொடக் கூடாது, பசியில்லாத ஆட்களுக்கு நடப்பதை நம்ப முடியாது. கொரியத் தொடர்கள் நல்லவை, அங்கே அழுகிறவர்களும் சோற்றை மிச்சம் விடுவதில்லை. வடக்கு நாடுகளின் துப்பறியும் தொடர்கள் தரமானவை, ஆனால் அவற்றை நவம்பர் மாதத்தில் பார்க்கக் கூடாது, யன்னலிலும் மழை ரீவியிலும் மழை என்றால் மனிதன் என்னத்துக்கு ஆவான். வழக்கறிஞர்கள் வருகிற பிரெஞ்சுத் தொடர்களில் வழக்கை விட்டுவிட்டு அவர்களுடைய குடும்பத்தைக் கவனிக்க வேண்டும். சமையற்கூடத்தைக் காட்டுகிற தொடர்களை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. அவற்றில் எல்லோரும் கத்துகிறார்கள், எல்லோரும் காதலிக்கிறார்கள், ஒருவராவது நிலம் கழுவுவதில்லை.

இவ்வளவு நியாயம் பேசிய நான் பத்து வருசத்தில் ஒரு தொடரையும் முழுதாகப் பார்த்ததில்லை. முழுத் தொடர் என்ன, ஒரு முதல் பாகத்தைக்கூடக் கடைசிவரை பார்த்ததில்லை.

மத்தியான வேலை எங்களுக்கு மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஆறரைக்குத் தொடங்கும். இடையில் கிடக்கும் அந்த நேரத்தைக் கூப்பூர் என்பார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் செவ்ரானிலும் ஓல்னேயிலும் இருக்கிறவர்கள், போய்த் திரும்ப நேரம் காணாது என்று கோப்பிக் கடைகளில் குந்தியிருப்பார்கள். எனக்குக் கிட்டவே, மார்க்ஸ் டோர்மோயில் வீடு. மூன்றரைக்கு வந்து செற்றியில் சாய்ந்துவிடுவேன். மனைவி விடியப்புறம் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போய் மத்தியானத்துக்கு முன்னமே வந்திருப்பாள். இரண்டு பேருமாகத் தொடர் பார்ப்போம். பிரேதத்தைக் கண்டெடுக்கும்வரை நான் எப்படியாவது கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றுக்கும் நான் சாட்சியில்லை.

ஐந்தே முக்காலுக்குத் தேத்தண்ணியோடு என்னை எழுப்புவாள். என்ன நடந்தது என்று கேட்பேன். தேத்தண்ணி முடிவதற்குள் முழுக்கதையையும் சொல்லிவிடுவாள். யார் பொய் சொன்னது, எந்த இடத்தில் கதை இழுபட்டது, எந்த நடிகைக்கு அழத் தெரியாது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். அதைத்தான் நான் திங்கட்கிழமை லீவு நாளில் லா சப்பலுக்குக் கொண்டுபோய் என் கருத்தாக இறக்குவேன். கொரியச் சோற்றைக் கவனித்தது அவள். நவம்பர் மழையைச் சொன்னதும் அவள்தான். சமையற்கூடத் தொடர்களின் மேலுள்ள கோபம் மட்டும் என் சொந்தம்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்க வெளிக்கிடும்வரை. எனக்கு அது முன்னமே கிடைத்துவிட்டது. என் காலத்தில் மேசைக்கு அங்காலே இருந்தவர் கேட்ட நாலு கேள்விக்குத் தலையாட்டிப் பதில் சொன்னது போதுமாயிருந்தது. அவளுக்கோ கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பிரிவாக மொழிப் பரீட்சை. அந்தக் கடவுச்சீட்டு அவளுக்கு எதற்கு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஒரே அக்கா கனடாவில் இருக்கிறா. வன்னியிலிருந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு பதினேழு வருசமாக இருவரும் நேரில் கண்டதில்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் காலையில் மெசினில் படுத்திருந்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், அதனால் அவவால் இங்கே வரமுடியாது. இவளிடம் இருப்பதோ அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதைக் காட்டி இரண்டு தரம் விசா கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று பதில் வந்தது.

பக்கத்தில் ஒரு சங்கம் நடத்துகிற பிரெஞ்சு வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னாள். வகுப்பு பின்னேரம் நாலு மணிக்கு. நாலு மணி என்றால் என் நித்திரையும் தேத்தண்ணியும் கதையும் சேர்ந்து போய்விடும். அதை அப்படியே சொல்ல வெட்கமாயிருந்ததால், மருந்து எழுதுகிற குரலை எடுத்தேன். வகுப்பில் என் பூனை வெள்ளை, உன் பூனை கறுப்பு என்றுதான் படிப்பிப்பார்கள், பிரெஞ்சுத் தொடரைப் பிரெஞ்சு எழுத்து கீழே ஓட ஒரு வருசம் பாரும், அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது என்றேன். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் அதை எப்படி நம்பினாளோ தெரியாது. வகுப்புக்குப் போகவில்லை. அந்த வருசம் ஒரு வழக்கறிஞர் குடும்பம், ஒரு கிராமத்து டொக்டர், அமைச்சு ஒன்றில் வேலை செய்கிற சோம்பேறிகள் என்று மூன்று நீளத் தொடர்களைப் பார்த்து முடித்தாள். நான் மூன்று தொடக்கங்களைப் பார்த்தேன்.

பரீட்சை முடிவு வந்தபோது மகள்தான் வாசித்தாள். பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். வாசித்தலில் தாய் மிக உயர்ந்த மட்டத்தில் நின்றாள். எழுத்து நல்ல மாதிரித் தாண்டியிருந்தது, பேச்சு ஒட்டி ஒட்டித் தாண்டியிருந்தது. கேட்டல் இரண்டு படி கீழே கிடந்தது. அந்த ஒன்றால் விண்ணப்பம் போட முடியாது. மனைவி காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

நான்தான் பெரிதாகக் கொதித்தேன். பரீட்சை மண்டபத்தில் ஒலிபெருக்கி பழுதாயிருந்திருக்க வேண்டும், கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சத்தம் போட்டேன். இத்தனை வருசமாகப் பிரெஞ்சுத் தொடர் கேட்ட ஆளுக்குக் கேட்டலில் எப்படிக் குறையும் என்று அவளிடமே கேட்டேன். என்னுடைய சேட்டு ஒன்றை மடித்தபடி சொன்னாள்.

"நான் எங்கையப்பா கேட்டனான்? நீங்கள் நித்திரை எண்டு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு, எழுத்தை வாசிச்செல்லோ பாத்தனான்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வெளியில் குளிர் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். தமிழில் சொன்னால், அம்மா இவ்வளவு காலமும் ஊமைப்படம் பார்த்திருக்கிறா, நீங்கள்தான் தியேட்டர் முதலாளி என்று வரும்.

வகுப்பில் அந்த வருசத்துக்கு இடம் முடிந்திருந்தது. ஆகவே இனிச் சத்தமாகப் போட்டுப் பாரும் என்றேன். அவளும் சரியென்றாள். ஆனால் என் தலை சாய்ந்த உடனே அவள் கை றிமோட்டுக்குப் போனது. சாய்வது போல நடித்து நானே அதைக் கண்ணால் கண்டேன். பழகிய கை, அது அவளைக் கேட்டுச் செய்யவில்லை. நான் அந்த அறையில் கிடக்கும்வரை பிரெஞ்சு அவளுடைய காதில் விழாது என்று விளங்கியது.

அடுத்த நாளிலிருந்து கூப்பூரில் வீட்டுக்குப் போவதை விட்டேன். உணவகத்தின் நிலக்கீழ் அறையில் நாங்கள் உடுப்பு மாற்றுகிற இடம் இருக்கிறது. கழுவப் போகிற மேசைத்துணி மூட்டைகளை அங்கேதான் போட்டு வைப்பார்கள். அவற்றின் மேல் படுத்தேன். கொட்டின வைன் மணமும் ஏழு பேருடைய சப்பாத்து மணமும் சேர்ந்திருந்தன. வீட்டில் பத்து நிமிடத்தில் வருகிற நித்திரை அங்கே எட்டியும் பார்க்கவில்லை. அதுவரை அதை என்னுடைய திறமை என்றுதான் நினைத்திருந்தேன்.

கதை சொல்ல ஆளில்லாததால் என் சரக்கும் தீர்ந்தது. ஒரு திங்கட்கிழமை சலூன்காரர் என் தலையில் பாதி வெட்டியிருந்தபோது அந்த வழக்கறிஞர் தொடரின் புதிய பருவம் எப்படி முடிந்தது என்று கேட்டார். முடிவைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள், நடுப்பகுதிதான் நல்லது என்றேன். கத்தரிக்கோல் நின்றது. அண்ணை, அது இன்னும் முடியேல்லை, ஒவ்வொரு புதனும் ஒண்டாத்தான் விடுறாங்கள் என்றார். பாதித் தலையோடு எழும்பி ஓடவும் முடியாது. கண்ணாடியில் பார்த்தால், எனக்குப் பின்னால் காத்திருந்த மூன்று பேரும் கைபேசியிலிருந்து தலையை எடுத்திருந்தார்கள்.

"நான் பாக்கிறேல்லைத் தம்பி. மனிசிதான் பாக்கிறவ. நான் பக்கத்திலை படுக்கிறனான்."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என்னிடம் யாரும் தொடர் கேட்பதில்லை, நல்ல நித்திரையோ அண்ணை என்றுதான் கேட்கிறார்கள். மரக்கறிக் கடைக்காரர் ஒரு படி மேலே போய், கறிவேப்பிலைக்கு இனி நீங்கள் வரவேண்டாம், உங்கடை மனிசியையே வரச்சொல்லுங்கோ என்றார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அது இல்லாமல் சமையற்கூடத்துக்கு வருகிற ஓடர்த் துண்டுகளை வாசிக்க முடியாது. கூப்பூரில் எடுக்க வந்தேன். மூன்றாம் மாடி ஏறிக் கதவுக்குக் கிட்ட வந்தபோதே உள்ளே ரீவி உரத்து ஓடுவது கேட்டது. ஒரு பெண்ணும் ஆணும் பிரெஞ்சில் வேகமாகச் சண்டை பிடித்தார்கள். அவர்களோடு சேர்ந்து என் மனைவியின் குரலும் கேட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு மூச்சுக்கூடப் பிந்தாமல், அவள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் பொய் சொல்லுறான் அக்கா, அண்டைக்கு இவன் வீட்டை வரேல்லை, பொறு, இப்ப அவ கேக்கப்போறா. பிறகு கைபேசி ஒலிபெருக்கியில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தா. சிரிப்புக்குப் பின்னால் ஏதோ மெசின் கீக் கீக்கென்று ஒலித்தது.

எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி என்றால் கனடாவில் காலை பத்து மணி. அக்கா மெசினில் படுத்திருக்கும் நேரம். அவவும் அங்கே அதே தொடரை அதே நேரத்தில் கைபேசியில் போட்டுக்கொண்டு, தங்கையின் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தா என்பது அவர்கள் கதைத்ததில் விளங்கியது. நான் வீட்டில் படுத்த காலமெல்லாம் இதே நேரத்தில் இவள் அவவுக்கு எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சும்மா சுகம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் எழும்பிவிடுவேன் என்று, கதைக்க வேண்டியதையெல்லாம் விரலால் குத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். கூடப் பிறந்தவவுடைய சிரிப்புச் சத்தத்தைக்கூட என்னுடைய நித்திரைக்காக இவள் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பிரெஞ்சைக் காதால் பிடிப்பதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, ஆனாலும் வெட்கம்தான் கூடுதல். டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அவளைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, என் சமையற்கூடப் பிரெஞ்சோடு நான்தான் முன்னுக்கு நின்று கதைத்தவன். சாவி கையில் இருந்தது. கதவைத் திறந்தால் அவள் கை றிமோட்டுக்குப் போய்விடும். படியில் குந்தினேன். அந்தப் பாகத்தைக் கடைசிவரை கேட்டேன். என் வாழ்க்கையில் நான் முடித்த முதல் பாகம் அதுதான், அதிலும் ஒரு முகத்தையும் காணவில்லை. கண்ணாடி எடுக்காமலே வேலைக்குத் திரும்பினேன். அன்று இரவு மீன் கேட்ட இரண்டு பேருக்கு மாட்டிறைச்சி போனது.

நாலு மாதம் கழித்து மறுபடி பரீட்சை எழுதினாள். இந்த முறை கேட்டல் வாசித்தலோடு தோளுக்குத் தோள் நின்றது. மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள், இரண்டாம் தரம் தமிழில். விண்ணப்பம் போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம். முடிவு வந்த அன்றிரவு மனைவி என்னிடம், பரீட்சைதான் முடிஞ்சுதே, இனிக் கூப்பூரிலை வீட்டை வந்து படுங்கோவன் என்றாள். அக்காவுக்கு மெசின் இல்லாத நாட்களில் வருகிறேன் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். அவர்கள் கதைக்கிற நாட்கள் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, நானும் படியில் குந்தியதைச் சொல்லவில்லை.

"அந்த மூட்டையிலை உங்களுக்கு நித்திரை வருதோ?"

"ஓம், வீட்டை விட அங்கை நல்லா வருது."

துளியும் வருவதில்லை. செவ்வாய், வியாழன், சனி நாலு மணிக்கு மேசைத்துணி மூட்டையில் சாய்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைபேசியில் அவர்கள் பார்க்கிற அதே தொடரின் அதே பாகத்தை நானும் போடுகிறேன். இந்தக் கிழமை அந்தக் கணவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவனுடைய மனைவி அழவில்லை, எழும்பிப் போய்ச் சாப்பாடு சூடாக்கினா. எல்லாவற்றையும் கண் மூடாமல் கடைசிவரை பார்த்தேன். இரவு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். அவள் சாப்பாடு போட்டுவிட்டு முன்னால் வந்து இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.